மாடியில் ஊளையிடுவது நரி அல்ல

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடி பிறந்ததிலிருந்து மேல்தளத்தில் இருப்பவர்களுக்குச் சரியான தூக்கமில்லை. ராத்திரியில் மொட்டை மாடியில் ஏதோ ஊளையிடுகிறது. "நரிக்குடி நரி மாடி ஏறிவிட்டது" என்று பெரிய பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். காற்றை மறைக்க மாடியைச் சுற்றித் தகரம் அடிக்கலாம், அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கலாம் என ஒரு தீர்மானம் இன்று வந்திருக்கிறது. கை தூக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கேளுங்கள்.

ஊளையிடுவது இடிதாங்கிக் கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் நான்கு கம்பிகள்தான். ஓடுகிற தண்ணீரில் ஒரு குச்சியை நட்டால், அதன் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிச் சுழி கிளம்பும். கம்பியைத் தாண்டும் காற்றும் அப்படியே சுழிக்கிறது. ஒவ்வொரு சுழி பிரியும்போதும் காற்று கம்பியை ஒரு பக்கம் தள்ளுகிறது. கம்பி காற்றைத் திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுள்ளுதான் நம் காதில் ஒலியாக விழுகிறது. கம்பி அதிர வேண்டும் என்றுகூட இல்லை.

1878-இல் ஸ்ட்ரௌஹால் என்ற செக் இயற்பியலாளர் இதை அளந்து பார்த்தார். கணக்கு எளிது. காற்றின் வேகத்தைக் கம்பியின் தடிமனால் வகுத்து, வருவதில் ஐந்தில் ஒரு பங்கு எடுங்கள். நம் கம்பி 5 மில்லிமீட்டர். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 10 மீட்டர் என்றால், நொடிக்கு 400 அதிர்வு. காற்று ஏறி இறங்கும்போது சுருதியும் ஏறி இறங்கும். அதுதான் ஊளை.

அதே காற்றில் 40 சென்டிமீட்டர் பனைமரத்துக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 5தான் வரும். 20-க்குக் கீழே நம் காதுக்கு எட்டாது. அதனால்தான் மரம் சும்மா நிற்கிறது. சலசலப்பெல்லாம் மேலே ஓலையில்.

சத்தத்தின் அளவு வேறு கணக்கு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இந்த ஒலியின் திறன் சுமார் 64 மடங்காகும். வங்கியில் கூட்டு வட்டி பார்த்துப் பழகிய எனக்கே இது மலைப்புத்தான். பகலில் லேசாக முனகும் கம்பி, காற்று வலுத்ததும் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

தகரம் அடித்தால் அதன் விளிம்பிலும் காற்று சுழிக்கும், தகரமும் படபடக்கும். ஆடிக் காற்றை முழுக்கத் தாங்கவும் வேண்டும். பெயர்ந்து விழுந்தால் கீழே பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

கீழே நிற்கும் கார்களின் ஆன்டெனாவைப் பாருங்கள். பலவற்றில் ஒரு கம்பி திருகலாகச் சுற்றியிருக்கும். சுழிகள் நீளவாக்கில் ஒரே நேரத்தில் பிரியாமல் அது கலைத்துவிடுகிறது. போன வாரம் நம் கம்பிகளில் ஒன்றில் மட்டும் நைலான் கயிற்றை இடைவெளி விட்டுத் திருகலாகச் சுற்றிவைத்தோம். அது அடங்கிவிட்டது, மற்ற மூன்றும் இன்னும் கத்துகின்றன. சந்தேகம் இருப்பவர்கள் இன்று ராத்திரி மாடிக்கு வந்து கேட்கலாம்.

எனவே என் வேண்டுகோள்: தகரத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்போம். மற்ற மூன்று கம்பிகளுக்கும் கயிறு சுற்றுவோம். காற்று ஆட்டி ஆட்டிக் கிளாம்பு தளர்ந்திருக்கலாம். அதையும் முறுக்கச் சொல்வோம். செலவு கயிற்றுக்கும் ஆள் கூலிக்கும்தான்.