எண்ணிக்கைக்குக் கூலியா, குணத்துக்குக் கூலியா?

(மட்டாஞ்சேரியில் நடந்த சங்க உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காப்பீட்டு அட்டையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொன்னார். அட்டையை எங்கே வாங்குவது, எந்தக் கவுண்டரில் நீட்டுவது என்பதைப் பிறகு தனித்தனியே சொல்கிறேன். அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. நீங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கூலி எந்தக் கணக்கில் போகிறது? உங்களுக்கு நடக்கும் வைத்தியத்தின் போக்கை டாக்டரின் படிப்பு பாதி தீர்மானிக்கிறது என்றால், மீதியை இந்தக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது. நான் வைத்தியம் படித்தவன் அல்ல. பள்ளி இறுதியோடு நின்றவன். ஆனால் எதை எண்ணிப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் பெருகும் என்பதைக் கற்றுக்கொள்ள, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஆண்டுகளே போதும்.

ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டருக்கு மாதச் சம்பளம். என்னை ஒருமுறை பார்த்தாலும் பத்துமுறை பார்த்தாலும் அவருக்கு அதே தொகைதான். அதில் வேறு குறைகள் உண்டு. காத்திருந்து காத்திருந்து கால் வலித்துப்போகும். ஆனால் தேவையில்லாத ஸ்கேனை என் தலையில் கட்டினால் அவருக்கு ஒரு காசு கூடுதலாகக் கிடைக்காது. வெளியே தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஊசிக்கு, கட்டிலுக்கு, ரத்தப் பரிசோதனைக்கு, டாக்டர் வந்து எட்டிப் பார்த்ததற்கு. நம் உறுப்பினர் ஒருவர் வயிற்று வலிக்கு நான்கு நாள் படுத்துவிட்டு மூன்று தாள் பில்லோடு என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, இதிலே எது எனக்குக் குணம் கொடுத்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பில்லை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பில்லில் குணம் என்ற தலைப்பே கிடையாது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் பேக்கேஜ். இந்த அறுவைக்கு இவ்வளவு, அந்த அறுவைக்கு அவ்வளவு என்று மொத்தத் தொகை. 2008இல் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா வந்தபோது ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். 2018 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் வந்தபோது அது 5 லட்சமாயிற்று. கேரளம் 2019இல் காருண்யா ஆரோக்கிய சுரட்சா திட்டத்தோடு அதை இணைத்துக்கொண்டது. பேக்கேஜால் மூன்று தாள் பில் குறைந்தது உண்மை. ஆனால் கூலி இன்னும் குணத்துக்கு அல்ல, கத்தி வைத்ததற்குத்தான். 2012இல் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் என்ன நடந்தது? காப்பீட்டு அட்டை வைத்திருந்த ஏழைப் பெண்களுக்கு, வேறு மருந்தில் தீரக்கூடிய கோளாறுக்குக் கூட, கருப்பையையே எடுத்துவிட்டார்கள் என்ற புகார் வெடித்தது. அந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், தேவையற்ற கருப்பை அறுவையைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. பதினோரு ஆண்டு! அதற்குள் அந்தப் பெண்களின் உடம்பில் போனது போனதுதான்.

இப்போது மூன்றாவது பேச்சு ஒன்று வந்திருக்கிறது. செய்த வேலையின் எண்ணிக்கைக்குக் கொடுக்காதே, நோயாளி அடைந்த பலனுக்குக் கொடு என்கிறார்கள். மதிப்பு அடிப்படையிலான மருத்துவம் என்று பெயர். ஆயுஷ்மான் பாரத்தை நடத்தும் தேசிய சுகாதார ஆணையம் 2022 ஆகஸ்டில், இனி ஆஸ்பத்திரிகளை ஐந்து அளவுகோல் வைத்துத் தரம் பிரிப்போம் என்று அறிவித்தது. நோயாளிக்குத் திருப்தியா, அதே ஆள் மறுபடி வந்து படுத்தாரா, கைக்காசு எவ்வளவு செலவாயிற்று, நிரூபணமான புகார் எத்தனை, வாழ்க்கை நிலை தேறியதா, இவைதான் அந்த ஐந்து.

இதை நான் வரவேற்கிறேன். முதலாளி மொழியில் வந்த யோசனை என்பதற்காக ஒதுக்கிவிட முடியாது. பலனைக் கணக்கெடுப்பது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு நம் மதுரையே சாட்சி. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்றபின் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அங்கே கண்புரை அறுவைக்குப் பின் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது, எந்த டாக்டர் கையில் வந்தது என்று எழுதிவைத்துப் பார்க்கிறார்கள். காசு கொடுப்பவரின் பணத்தில் கொடுக்க முடியாதவரின் கண்ணும் திறக்கிறது. 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்சைத் தாங்களே செய்யத் தொடங்கி, வெளிநாட்டு லென்சின் விலையில் சிறு பங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள். 2012 அக்டோபர் முதல், வீட்டுக்குப் போன நோயாளிகள் முப்பது நாளுக்குள் அளவுக்கு மீறித் திரும்பிவந்தால் அந்த ஆஸ்பத்திரிக்கு அரசு தரும் பணத்தில் வெட்டு. நியாயமாகத்தானே தெரிகிறது? யாருக்கு வெட்டு அதிகம் விழுந்தது தெரியுமா? ஏழைகள் நிறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு. ஏழை ஏன் திரும்பி வருகிறான்? வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மருந்து வாங்கக் காசு இல்லை, படுத்திருக்க இடம் இல்லை. இதைக் கண்டபின் 2016இல் சட்டத்தைத் திருத்தி, 2019 நிதியாண்டு முதல் ஏழைகள் மிகுந்த ஆஸ்பத்திரிகளை அவற்றைப் போன்றவற்றோடு மட்டும் ஒப்பிடுகிறார்கள்.

தோழர்களே, மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். இந்தத் துறைமுகத்தில் ஒரு காலத்தில் சாப்பா முறை இருந்தது. கூட்டத்துக்கு நடுவே டோக்கனை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15இல் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று தொழிலாளர்கள் உயிர் கொடுத்தார்கள். பலனுக்குத்தான் கூலி என்றால், நல்ல பலன் தரக்கூடிய உடம்பையே ஆஸ்பத்திரி தேடும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள, ஒரே அறையில் எட்டுப் பேரோடு தங்கும் ஐம்பது வயதுச் சுமைக்காரரைப் பார்த்தால், "இங்கே வசதி இல்லை, ஜெனரல் ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லிவிடுவது எளிது. அதுவும் சாப்பாதான். உள்ளே வரும்போது நோயாளி என்ன நிலையில் வந்தார் என்பதையும் சேர்த்து எழுதாத எந்தப் பலன் கணக்கும் நமக்கு எதிரான கணக்கு.

இன்னொன்று. குணம் என்றால் என்ன என்று யார் சொல்வது? குடலிறக்க அறுவைக்குப் பின் நாற்காலிக்குத் திரும்பினால் எனக்குக் குணம். சுமைக்காரருக்கு மறுபடி மூட்டை தூக்கினால்தான் குணம். தையல் பிரித்து, காயம் ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதியபின் ஆறு மாதம் பாரம் தூக்க முடியாமல் ஊருக்குப் போனவரை, பேரேட்டில் குணமானவர் என்று வைப்பதா? கைச்செலவு என்கிறார்கள். மருந்துச் சீட்டு மட்டுமா செலவு? பைஸ்டாண்டர் என்று இங்கே சொல்கிறார்களே, கூட இருக்க வந்த தம்பியின் பத்து நாள் கூலி எந்தக் கட்டத்தில் ஏறும்? திருப்தியா என்று போனில் கேட்பார்கள், எந்த மொழியில்? தென்காசிக்குப் போனபின் காயம் சீழ்ப்பிடித்து அங்கே காசு கொடுத்துக் காட்டினால், அது எந்த ஆஸ்பத்திரியின் கணக்கில் விழும்? எங்கும் விழாது. ஊர்விட்டு வந்தவன் பலன் கணக்கிலும் ஊர்விட்டவனாகவே நிற்கிறான்.

அட்டையிலும் இதே கதைதான். ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு எந்த மாநிலத்திலும் வைத்தியம் உண்டு என்பது விதி. ஆனால் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் எல்லோருமே அந்தப் பட்டியலில் இல்லை. பெட்டியில் அட்டை இருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். கேரள அரசு 2017இல் வெளிமாநிலத் தொழிலாளருக்காக ஆவாஸ் திட்டம் தொடங்கியது நல்ல காரியம்; அதில் சிகிச்சைக்கு வைத்த தொகை 15,000 ரூபாய். அரசு பாக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2023இல் இங்குள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் காருண்யா திட்டத்தை விட்டு விலகுவதாகவே அறிவித்தன. கூலியே வராதபோது எந்த அடிப்படையில் கூலி என்று பேசி என்ன பயன்?

படுக்கைக்குப் போகாமல் காப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான குணம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நம் பெற்றோர் அங்கே வாங்குகிறார்கள். பிள்ளைகளாகிய நாம் இங்கே ரத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் மூட்டை தூக்குகிறோம். கேரளத்தில் ஆர்த்ரம் திட்டத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்கள் மாலை வரை திறந்திருக்கும். ஒரு நாள் கூலி போகாமல் காட்டிவிட்டு வரலாம். போகாததற்குச் சாக்கு சொல்லாதீர்கள்.

செயற்குழு முடிவு செய்தபடி, சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைக்கிறோம். ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த ஒவ்வொருவரும் டிஸ்சார்ஜ் தாளோடு வந்து, ஆணையம் சொன்ன அந்த ஐந்தையும் நம் பாஷையில் எழுதவேண்டும். கூட இருந்தவருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று, பழைய வேலைக்கு எத்தனை நாளில் திரும்பினீர்கள், எந்த ஆஸ்பத்திரி வாசலோடு திருப்பி அனுப்பியது என்ற மூன்றையும் சேர்த்து. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். ஆறு மாதத்தில் தாள்கள் சேர்ந்தபின், பிரதி எடுத்து மாநில சுகாதார ஆணையத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் கொண்டுபோவோம். பெயர் வெளியே போகாது. ஊரும் தொழிலும் மட்டும் போகும். ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். பழைய தாளை அடுப்பில் போட்டுவிடாமல் எடுத்து வாருங்கள்.