கையெழுத்துப் போட நான் யார்?
(குறுவள மையக் கூட்டத்தில் பேசியது)

புத்தகம் போட்ட அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். போட்டதைவிட, யாரிடம் கொடுத்துப் போடுவது என்று ஒரு வருடம் தவித்ததைத்தான் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் வேலை பார்த்தபோது, பாட்டி சொன்ன கதையை எழுதி வரச் சொல்வேன். கடுக்காய் பொறுக்கப் போய்க் கரடியிடம் மாட்டிய கதை, சாமை அறுப்பன்று மழை கொட்டிய கதை என்று நான்கு வருடத்தில் நாற்பது சேர்ந்தன. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன், பேச்சைத் தொடவில்லை.

முதலில் ஒரு பதிப்பகம் சம்மதித்தது. செலவு அவர்களுடையது, எனக்கு பத்து சதவீதம். நல்லதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் எல்லா உரிமையும் காலவரையின்றி அவர்களுக்கு என்று ஒரு வரி. வகுப்பில் சொன்னேன். "அப்புறம் எங்க ஆயா கதைய நாங்க வேற எதுலயும் போடக் கூடாதா சார்?" என்றான் ஒருவன். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதியது பிள்ளைகள், கையெழுத்துப் போட நான் யார்?

1957 பதிப்புரிமைச் சட்டத்தைப் படித்தேன். உரிமை எழுதியவர் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் இருக்கிறது. எழுதிக் கொடுத்தால்தான் கைமாறும். எவ்வளவு காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டு. ஆகவே 'காலவரையின்றி' என்ற ஒற்றைச் சொல் சும்மா போட்டதல்ல. ஐந்து ஆண்டு என்று மாற்றக் கேட்டேன், மறுத்தார்கள்.

இன்னொரு இடத்தில் முப்பதாயிரம் கட்டினால் "நாங்களே வெளியிடுகிறோம்" என்றார்கள். பணம் நம்முடையது, பெயர் அவர்களுடையது. இதில் மட்டும் விழாதீர்கள்.

மிச்சம் சொந்தப் பதிப்பு. புதிதில்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சா. 1887-ல் சீவக சிந்தாமணியை அப்படித்தான் கொண்டுவந்தார். வாங்குகிறோம் என்று முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் பெற்றார். பாரதியார் 1920-ல் தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டமிட்டுக் கடன் கேட்டு எழுதினார். நடக்கவில்லை, அடுத்த ஆண்டே போய்விட்டார். எழுத்தில் குறை இல்லை, வாங்குகிறவர் கையொப்பம்தான் முதலில் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

அதனால் பெற்றோரிடம் சம்மதம் வாங்கினேன், தலைமையாசிரியர் வழியாகத் துறைக்கு எழுதினேன், பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உங்களில் பலரிடம்தான் வந்தேன். 120 பேர் பெயர் எழுதினீர்கள். ஐ.எஸ்.பி.என். எண் அரசிடம் இலவசமாகவே கிடைக்கும். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஆறு ஃபாரம், 96 பக்கம். "ஆயிரம் போட்டா ஒரு புக்கு பாதி விலை சார்" என்றார் அச்சகக்காரர். உண்மைதான். ஆஃப்செட்டில் பிளேட் செலவு நூறுக்கும் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். சபலம் தட்டியது. மனைவிதான், "எங்க அடுக்குவீங்க?" என்றார். முந்நூறோடு நிறுத்தினேன்.

பதிப்பாசிரியர் இல்லாத குறை புத்தகத்தில் தெரிகிறது. அட்டையிலேயே ஒரு ஒற்று விட்டுப்போயிற்று. கடையில் வைக்க விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிவு கேட்டார்கள். சென்னைப் புத்தகக் காட்சியில் அடுக்க என்னிடம் ஸ்டால் இல்லை. இதெல்லாம் பதிப்பகத்தார் செய்கிற வேலை. செய்து பார்த்த பிறகுதான் அந்தப் பத்து சதவீதம் ஏன் என்று புரிந்தது. நான் எழுதிய கட்டுரைகளை இப்போது ஒரு பதிப்பகத்துக்கே அனுப்பியிருக்கிறேன், ஐந்து ஆண்டு என்று எழுதி வாங்கிக்கொண்டு. அது என் எழுத்து. லாபமோ நட்டமோ என்னோடு போகும்.

மலைக்குப் புத்தகக் கட்டோடு போன அன்று, கரடிக் கதை சொன்ன ஆயா தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. பேரன் வாசித்தான். "கரடி அப்பிடி ஓடல, மேக்கால ஓடுச்சு" என்று திருத்தினார். இரண்டாம் பதிப்பில் மாற்ற வேண்டும்.

இன்னும் நாற்பது பிரதி கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பள்ளி நூலகத்துக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், கள்ளக்குறிச்சி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.