கேமராவா? கரித்துண்டா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் நல்லாப் பேசினாரு. “புகைப்படம்தான் உண்மை, ஓவியம் வெறும் முகஸ்துதி”ன்னு ஒரே போடாப் போட்டுட்டு உக்காந்துட்டாரு. அவரை நான் ஜெர்மனியிலே நியூரெம்பர்க் நகரத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். விசா வேண்டாம்யா, நாம போறது 1514ஆம் ஆண்டுக்கு! (சிரிப்பு)

அங்கே ஆல்பிரெக்ட் டியூரர் என்று ஓர் ஓவியர். மரத்திலும் செம்பிலும் செதுக்கி, அச்சுப் போட்டு விற்று, ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். ‘மெலன்கோலியா’ என்ற அவருடைய புகழ்பெற்ற செப்புத்தகட்டுப் படமும் அதே 1514தான். அப்பேர்ப்பட்ட மனுஷன் மார்ச் மாதத்திலே ஒருநாள் ஒரு கரித்துண்டை எடுத்து, பெற்ற தாயை வரைகிறார். எந்தப் பிரபுவும் கேட்கல, எவனும் முன்பணம் கொடுக்கல. அந்த அம்மாவுக்கு வயது 63. பெற்ற பிள்ளைகள் 18. பதினெட்டு அய்யா! நிலைத்தவை மூணே மூணு.

படத்தைப் பாருங்க. தலையிலே முக்காட்டுத் துணி. நெற்றியெல்லாம் சுருக்கம், கன்னம் ஒட்டிப்போச்சு, கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சு நிக்குது. ஒரு கண் நேராப் பார்க்குது, இன்னொன்று எங்கேயோ விலகிப் போகுது. இதிலே முகஸ்துதி எங்கேய்யா இருக்கு? நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர் கையிலே கொடுத்திருந்தா, சுருக்கத்தையெல்லாம் டச்சப் பண்ணி வழுவழுன்னு ஆக்கியிருப்பாரு! (கைதட்டல்)

அடுத்த இரண்டே மாதம், மே மாதத்தில் அந்தத் தாய் இறந்து போனார். அந்தச் செய்தியையும் டியூரர் அதே தாளில் மையால் எழுதி வைத்தார். அந்தத் தாள் இன்றைக்கும் பெர்லினில் இருக்கிறது.

ஹாலந்திலே ரெம்பிராண்ட். முன்னாலே பிறந்த மூன்று குழந்தைகளும் பச்சிளம் பருவத்திலேயே போயாச்சு. 1641இல் டைட்டஸ் பிறந்தான். மறு ஆண்டே மனைவியும் மறைந்தாள். கடன் கழுத்தை நெரித்து, 1656இல் மனுஷன் திவாலானார். அதற்கு முந்தின வருஷம்தான், மேசைமேலே பேனாவும் தாளுமாக, கட்டைவிரலைக் கன்னத்தில் ஊன்றி யோசிக்கிற அந்தப் பையனை அப்படி ஆசையாத் தீட்டியிருக்காரு!

“அவங்கெல்லாம் மேதைகள், வரையத் தெரியாதவங்க என்ன பண்றது?”ன்னு அம்மையார் கேட்டாங்க. சரியான கேள்வி. என் மகளுக்கும் வராது. ஆனா அவ மூணு ஞாயித்துக்கிழமை எங்க அம்மாவைப் பின்கட்டுலே உக்கார வெச்சுப் பென்சில்லே வரைஞ்சா. வாரம் ரெண்டு மணி நேரம். காது கேக்காத கிழவிகிட்டே, நாங்க ‘சாப்பிட்டியா’ங்கிறதைத் தாண்டிப் பேசுறதுண்டா? படம் போடணும்னா முகத்தைப் பார்க்கணும்யா, வேற வழியில்லே! அந்தப் பொண்ணு பார்த்தா. “அப்பத்தா, புருவத்துலே என்ன தழும்பு?”ன்னு கேட்டா. கல்யாணத்துக்கு முன்னே களத்துமேட்டுலே விழுந்த கதை அன்னிக்குத்தான் வெளியே வந்துச்சு. ஐம்பது வயசு தாண்டின பிள்ளை நான், எனக்கே அது புதுசு!

படம் முடிஞ்சது. அப்பத்தா கையிலே வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “எங்கடீ ஆத்தா என் மூக்குத்தி?”ன்னாங்க. (சிரிப்பு) போட்டுக் கொடுத்தா. அது இப்போ அவங்க தலைமாட்டுலே இருக்கு. என் செல்போன்லே அவங்க படம் நாற்பது இருக்கு. ஒண்ணையாவது காட்டுன்னு இதுவரைக்கும் கேட்டதில்லே.

மணி அடிச்சிட்டீங்க, உக்காந்துடறேன்யா.