ரோடு பெயர்ந்தா எம்-புக்கைக் கேளுங்க

புதுசா போட்ட ரோடு ஒரே மழையில பெயர்ந்துட்டா, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுறோம். அதோட மறந்துடுறோம். ஆனா ஒப்பந்ததாரருக்கு பில் பாஸ் ஆகணும்னா, பொறியாளர் வேலையை அளந்து 'எம்-புக்'ல எழுதியிருக்கணும். நீளம், அகலம், கனம் எல்லாம் அதுல இருக்கும்.

சிஏஜி தணிக்கை இருக்கே? இருக்கு. ஆனா அவங்க சில வேலைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் பார்ப்பாங்க. அறிக்கை சட்டமன்றத்துக்கு வரவும் நாளாகும்.

நாம காத்திருக்க வேண்டாம். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எம்-புக் நகல் கேட்கலாம். வேலையை நேர்ல ஆய்வு பண்ணலாம். போட்ட பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரியைக்கூட வாங்கலாம்! தமிழ்நாட்டுல மனுக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

புத்தகத்துல இருக்கிற கனம் தரையில இல்லைன்னா, அதுக்குக் கையெழுத்து போட்டவர் பதில் சொல்லியாகணும்.