கோமகளும் பரிசாரகனும்

நாடிழந்து வந்தோரின் நிலையை நகைச்சுவைக்குப் பொருளாக்குவது தகுமா? நேயர்கள் இவ்வினாவைச் சிந்திப்பதற்கு ஒரு பழைய பேசாப்படம் துணைசெய்கிறது. ‘கோமகளும் பரிசாரகனும்’ என்று தமிழிற் சொல்லத்தக்க பெயருடன் 1926ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பரமவுண்ட் நிறுவனம் அதனை வெளியிட்டது. அல்பிரெட் சவ்வார் பிரெஞ்சு மொழியில் எழுதிய நாடகத்தைத் தழுவி, மல்கம் சென் கிளையர் நெறிப்படுத்தினார்.

கதை எளியது. 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் ருஷ்யாவைத் துறந்த கோமகள் ஒருத்தி, தன் உறவினரான கோமக்களுடன் பாரிஸ் நகர விடுதியொன்றில் வாழ்கிறாள். அரண்மனை போயிற்று, அரண்மனைச் சம்பிரதாயம் போகவில்லை. அவள்மீது காதல்கொண்ட ஆல்பெர்ட் பெருஞ்செல்வன். ஆயினும் அரசகுலத்தவன் அல்லன். அவளை நெருங்க வேறு வழி காணாது, அவ்விடுதியிலேயே பரிசாரகனாக வேடம் பூணுகிறான். தட்டேந்திப் பழகாத கை தடுமாறுகிறது. சினங்கொண்ட கோமகள், அவனைத் தண்டிக்கவே தன் சொந்தப் பணிவிடையில் அமர்த்துகிறாள். தண்டனை அவனுக்குப் பேறாகிறது. தண்டித்தவளின் மனமோ மெல்ல மெல்ல அவன்பாற் சாய்கிறது.

மேடை நாடகத்துக்கு உரையாடலே உயிர். பேசாப்படத்திலோ இடையிடையே தோன்றும் சில எழுத்துகளைத் தவிர மொழி இல்லை. ஆகவே காதலையும் செருக்கையும் கண்களும் கைகளுமே உணர்த்தவேண்டும். சார்ளி சப்ளின் 1923இல் நெறிப்படுத்திய ‘பாரிஸ் நகரப் பெண்’ என்ற படத்தில் நாகரிகச் செல்வனாகப் புகழ்பெற்ற அடொல்ப் மெஞ்சூ, இங்கே புருவத்தைச் சற்றே உயர்த்தி ஒரு வசனத்தின் பொருளைத் தந்துவிடுகிறார். கோமகளாகத் தோன்றும் புளோரன்ஸ் விடோரின் நிமிர்ந்த கழுத்தே அவளுடைய குலப் பெருமையைக் கூறுகிறது.

இக்கதை வெறுங் கற்பனையன்று. அக்காலப் பாரிஸில் ருஷ்யப் படையதிகாரிகள் பலர் வாடகைக் கார் ஓட்டினர், தொழிற்சாலைகளில் உழைத்தனர். சார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டரின் பேர்த்தியான மரியா பவ்லோவ்னா, இயந்திரத்தில் பூவேலை செய்யக் கற்று, 1921இல் ‘கித்மீர்’ என்னும் பட்டறையை நிறுவினார். புகழ்பெற்ற ஆடைக் கலைஞர் சனெலின் ஆடைகளுக்குப் பூவேலை செய்து கொடுத்தார். முன்னர்ப் பிறர் தைத்ததை உடுத்தவர், பின்னர்ப் பிறர் உடுத்தத் தைத்தார்.

படத்தின் முடிவும் இவ்வுண்மையையே தொடுகிறது. பரிசாரகன் யார் என்பது வெளிப்பட, ஏமாற்றப்பட்டதாகக் கருதிய கோமகள் அவனை விட்டு மறைகிறாள். பின்னர் ஆல்பெர்ட் அவளைக் காணும்போது, நகருக்குப் புறத்தே அவள் ஒரு சிறு விடுதியை நடத்திக்கொண்டிருக்கிறாள். பணிவிடை செய்வது யாதென அவன் முன்னரே அறிந்தான். இப்போது அவளும் அறிந்துவிட்டாள். அந்தச் சமநிலையிலேதான் இருவரும் கூடுகின்றனர்.

எனவே, இப்படம் நாடிழந்தவரைக் கண்டு நகைக்கவில்லை. நாடு போன பின்னும் போகாதிருந்த வீண் செருக்கைக் கண்டே நகைக்கிறது. பட்டம் பிறர் மதிக்கும்வரையே நிற்பது. உழைக்கத் துணிந்தவரின் மதிப்போ எந்த எல்லையைக் கடந்தாலும் உடன்வருவது.