இரண்டாண்டுத் தொழிற்கல்வியும் நம் இளைஞரும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதையே முதற்கடமையாகக் கொண்டு உழைத்தது. பத்தாம் வகுப்பில் தேறியோர் இன்று நம் தெருக்களில் பலர். ஆயின், தேறியபின் எங்கே செல்வது என்று அறியாமல் சித்தாள் வேலைக்கும் வெள்ளையடிக்கும் வேலைக்கும் செல்வோரும் பலர். அவர்களை எண்ணியே இரண்டாண்டுத் தொழிற்கல்வி குறித்து இன்று பேச முன்வந்தோம்.

"தலைமுறை தலைமுறையாகக் கையால் உழைத்தது போதாதா? நம் பிள்ளையும் சுத்தியல்தான் பிடிக்க வேண்டுமா?" என்று நம் பெரியோர் கேட்கின்றனர். அக்கேள்வியிலுள்ள வலியை நாம் அறிவோம். ஆனால் நம் முன்னோர் செய்தது பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை; கூலியைப் பிறர் நிர்ணயித்தனர்; விட்டு விலகும் உரிமையும் இல்லை. தொழிற்கல்வியோ நாமே தேர்ந்துகொள்வது. அதன் சான்றிதழ் காட்டுவது நம் தெருவை அன்று, நம் திறனை. பட்டப்படிப்பு வேண்டாமென்று நாம் கூறவில்லை. அதற்கும் இது வழியாகும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1950இல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்வழி நடைபெறுபவையே ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள். எலக்ட்ரீசியன், பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் ஆகிய பிரிவுகள் இரண்டாண்டுக் காலத்தவை. இவற்றிற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 14 வயது நிறைவும் வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 2009 முதல் அதனுள் 3 விழுக்காடு அருந்ததியர்க்கு உள்ஒதுக்கீடாக வழங்கப்படுகிறது.

இடம் கிடைத்துவிட்டால் போதும் என்று எண்ணுதல் தவறு. நம் பிள்ளைகள் இடறி விழுவது சேர்ந்தபின் தான். வருகைப்பதிவு 80 விழுக்காடு இருந்தாலன்றித் தேர்வெழுத இயலாது. மாதத்திற்கு 25 பயிற்சி நாள்கள் எனக் கொண்டால், ஐந்து நாள்களுக்குமேல் தவறுதல் ஆகாது. அறுவடைக் கூலிக்கென்று பத்து நாள் மகனை நிறுத்திக்கொள்ளும் தந்தையே, அந்தக் கூலிக்காக நீங்கள் விற்பது அவனுடைய ஓராண்டை என்பதை உணருங்கள்! எழுத்துத் தேர்வில் 33 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. செய்முறையிலோ 60 விழுக்காடு வேண்டும். ஆகவே, பட்டறையில் பின்வரிசையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் தேறமாட்டான். கருவியைக் கேட்டு வாங்கிக் கையாளுங்கள். கூச்சத்தை வாயிற்படியில் விட்டுச் செல்லுங்கள்.

தேறியவர் பெறுவது தேசியத் தொழிற்சான்றிதழ். அதன்பின் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலையில் உதவித்தொகையுடன் பழகுநராகச் சேரலாம். மேலே படிக்க விரும்புவோர், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து, மேலும் இரண்டே ஆண்டுகளில் டிப்ளமோ பெறலாம். மேனிலைப் பள்ளியில் கணிதம், இயற்பியல், வேதியியல் பயின்று தேறியோர்க்கும் இவ்வாயில் திறந்தே உள்ளது. டிப்ளமோ பெற்றவர் பொறியியற் கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டில் நுழையலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப்பின் ஐ.டி.ஐ. 2 ஆண்டு, டிப்ளமோ 2 ஆண்டு, பொறியியல் 3 ஆண்டு, ஆக 7 ஆண்டுகள். மேனிலைப் பள்ளி வழியே சென்றால் 6 ஆண்டுகள். ஓராண்டே மிகுதி. ஆனால் இவ்வழியில் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். வீட்டில் நோயோ கடனோ வந்து இடையில் நிற்க நேர்ந்தாலும், வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. வறியவர்க்கு இது சிறிய பாதுகாப்பு அன்று.

செலவுக்கு என் செய்வது என்பீர்கள். அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலத்தில், 1944இல், பள்ளியிறுதிக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பெற்றது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத ஆதிதிராவிட மாணவர் அதனைப் பெறலாம். அது பிச்சையன்று, உரிமை. ஆயினும் உரிய காலத்தில் கேளாதார்க்கு அது வாராது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்னரே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். சேர்க்கைக்கு முதல்நாள் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்பதால் இடத்தை இழந்தோர் உண்டு.

மகளைப் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். எலக்ட்ரீசியன் பயிற்சி ஆண்களுக்கே உரியதென்று எந்த விதியும் கூறவில்லை. நாமாக அக்கதவை அடைத்துவிட வேண்டா.

இந்த வெள்ளிவிழாவில் மலர் வெளியிட்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது. படித்து வேலையிலிருக்கும் ஒவ்வோர் உறுப்பினரும், தம் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவரையேனும் தேடிச் சென்று, விண்ணப்பம் நிரப்பித் தந்து, இரண்டாண்டு முடியும்வரை மாதந்தோறும் வருகைப்பதிவைக் கேட்டறிதல் வேண்டும். சேர்த்துவிடுதல் பாதிப் பணி. முடிக்கச் செய்தலே முழுப்பணி. அப்பணியை இன்றே தொடங்குவோம்.