கணினிக்குள் ஒரு கணினி



ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எனக்கு நெடுநாள் நண்பர். தம்முடைய ஊர் வாசிகசாலையின் பொன்விழா மலரை 2002 ஆம் ஆண்டில் அவரே தொகுத்தார். இன்று உயிரோடில்லாத முதியோர் பலர் சொல்லிய செய்திகள் அம்மலரில் இருந்தன. அச்சுப் பிரதி ஒன்றேனும் இப்பொழுது அகப்படுவதாயில்லை. எஞ்சியவை பேஜ்மேக்கர் என்னும் பக்க அமைப்பு மென்பொருளிற் பதிந்து வைத்த கோப்புகளே. அம்மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு 2001 இல் வெளிவந்தது; லினக்ஸுக்கென எழுதப்பட்டதன்று. நண்பரின் மேசைக் கணினியிலோ இருப்பது உபுண்டு லினக்ஸ்.

வழி ஒன்றுண்டு. கணினிக்குள்ளே கற்பனைக் கணினி ஒன்றை அமைத்து, அதற்குள் பழைய விண்டோஸை ஓடவிடலாம். இஃது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1960 களிலேயே தம் பெருங்கணினி ஒன்றைப் பலர்க்கும் தனித்தனிக் கணினிபோற் காட்டும் முறையை ஆக்கினர். வீட்டுக் கணினியில் அதனைச் செய்யும் மென்பொருள்களுள் ஒன்று வேர்ச்சுவல்பொக்ஸ். 2007 இல் ஜெர்மன் நிறுவனமொன்று வெளியிட்ட இதனை இன்று ஒராக்கிள் நிறுவனம் பேணுகின்றது.

நண்பர் அதனை நிறுவினார். இயக்க முயன்றதும், கருனியின் இயக்கி நிறுவப்படவில்லை என்றும், எதிர்மறை 1908 என்றும் ஒரு செய்தி தோன்றிற்று. அவர் மென்பொருளை நீக்கி மறுபடியும் நிறுவினார். மூன்று முறை அவ்வாறு செய்தார். பயனில்லை. குற்றம் மென்பொருளில் இல்லாதபோது அதனைத் திரும்பத் திரும்ப நிறுவுவது, விளக்கில் எண்ணெய் இல்லையென்று திரியை மாற்றுவதைப் போன்றது.

லினக்ஸின் உள்ளுயிராகிய கருனிக்குள்ளே வேர்ச்சுவல்பொக்ஸின் ஒரு கூறு குடிபுக வேண்டும். கருனி மாறுந்தோறும் அக்கூற்றைப் புதிதாய் ஆக்க வேண்டும். அதற்குத் தொகுப்பியும், அந்தக் கருனிக்கே உரிய தலைப்புக் கோப்புகளும் தேவை. இவ்விரண்டும் இருந்தால் டிகேஎம்எஸ் என்னும் ஏற்பாடு, கருனி புதுப்பிக்கப்படும் போதெல்லாம் கூற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். நண்பரிடம் தலைப்புக் கோப்புகள் இல்லை. அவற்றை நிறுவியதும் கூறு ஆக்கப்பட்டது. ஆயினும் கருனி அதனை ஏற்க மறுத்தது.

இவ்விடத்தேதான் பலர் வழிதவறுகின்றனர். புதிய கணினிகளிற் பாதுகாப்பான தொடக்கம் என்னும் காவல் உண்டு. முத்திரையிடப்படாத கூற்றை அது உள்ளே விடாது. உபுண்டு, கூறு ஆக்கப்படும் வேளையில் ஒரு கடவுச்சொல்லைக் கேட்கும். அடுத்த முறை கணினி எழும்போது நீலத் திரையொன்று தோன்றும். அதிலே முத்திரைச் சாவியைப் பதியும் தெரிவை எடுத்து, அக்கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். சில விநாடிகள் வாளாவிருந்தால் திரை மறைந்து கணினி வழமைபோல எழுந்துவிடும், சாவி பதிவாகாது. நண்பர் அவ்வேளையிற் தேநீர் எடுக்கச் சென்றிருந்தாராம்! காவலையே அணைத்துவிடலாமென்று சொல்வாருளர். பத்து விநாடி பொறுத்திருக்க மாட்டாமைக்காக வாயிற்கதவைக் கழற்றுவதை நான் விரும்பேன். மறுபடியும் சாவிக்கு விண்ணப்பித்து, இம்முறை திரையின் முன்னேயே அமர்ந்திருந்து பதிந்தோம்.

இன்னும் ஒரு தடை. செயலியிலுள்ள மெய்நிகராக்க வசதி, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில் அணைந்திருக்கக்கூடும். வேர்ச்சுவல்பொக்ஸ் 6.1 முதல் அவ்வசதியின்றி எதுவும் ஓடாது. நண்பரின் கணினியில் அது இயங்கியே இருந்தது. ஆனால் வேறொருவர் கையில் இருந்தது. லினக்ஸுக்குச் சொந்தமான கேவிஎம் என்னும் கூறும் அதே வசதியை வேண்டுவது. 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 ஆம் கருனியில், கேவிஎம் ஏற்றப்பட்ட கணத்திலேயே வசதியைத் தன்வசமாக்கும் வழக்கம் புகுந்தது. செயலி இன்டெல் ஆயின் கேவிஎம் இன்டெல் என்ற கூற்றையும், ஏஎம்டி ஆயின் அதற்குரியதையும் இறக்கிவிட்டால் வேர்ச்சுவல்பொக்ஸ் எழும். எழுந்தது.

பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது. ஆகையால் உட்கணினிக்கு இணையத் தொடர்பு கொடாமலே விட்டோம். பேஜ்மேக்கரிற் கோப்பைத் திறந்தபோது நண்பர் முகம் வாடிற்று. அம்மா என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற குறிகள் நின்றன. பாமினி எழுத்துரு தமிழெழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்த பழைய முறை அது. எழுத்துரு இல்லையேல் எழுத்தும் இல்லை. நல்லவேளை, பழைய வட்டொன்றில் அது கிடைத்தது. நிறுவிவிட்டுத் திறந்தோம். முதற் பக்கத்தில் அவருடைய தந்தையாரின் வாழ்த்துரை இருந்தது. நண்பர் அதனை உரக்க வாசிக்கத் தொடங்கினார்.